வீடியோவில் கையைப் பிடிப்பவர் விட்டுவிடுவார்

கேள்வி: எனக்கு வயது 36. பள்ளிப் பருவத்தில் நான்கு வருடம் கராத்தே கற்றேன்; அப்புறம் விட்டுப்போயிற்று. இப்போது வேலை முடிந்து வீடு திரும்ப இரவு வெகுநேரம் ஆகிறது. வகுப்புக்குப் போக நேரம் ஒத்துவரவில்லை. வீட்டிலிருந்தே க்ராவ் மகா என்ற தற்காப்புக் கலையைக் கற்கும் பாடத்தொகுப்பு ஒன்றைப் பார்த்தேன். 40 வீடியோ, ஒரு கையேடு, முடிவில் சான்றிதழ். 'எதிரி எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் 30 நாளில் சமாளிக்கலாம்' என்கிறார்கள். என் கணவர் சிரிக்கிறார். வாங்கலாமா? பழைய கராத்தே கைகொடுக்குமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வாங்குங்கள். சான்றிதழை மட்டும் பிரிக்காமல் அப்படியே ஓரமாக வைத்துவிடுங்கள். அந்த 30 நாள் கணக்கையும் கூடவே.

எனக்கு இருபது வயது இருக்கும்போது, படம் போட்ட ஒரு புத்தகத்தைப் பார்த்து, மணிக்கட்டைப் பிடித்தால் எப்படி விடுவித்துக்கொள்வது என்று கற்றேன். முதல் படத்தில் ஒருவர் கையைப் பிடிக்கிறார். இரண்டாவதில் பிடிபட்டவர் கையைத் திருப்புகிறார். மூன்றாவதில் பிடித்தவர் தரையில் கிடக்கிறார். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே என்ன நடந்தது என்பதற்குப் படமே இல்லை. இரண்டு மாதம் கண்ணாடி முன்னால் பழகிவிட்டு, மச்சானைக் கூப்பிட்டு, "பிடிங்க பார்க்கலாம்" என்றேன். பிடித்தார். திருப்பினேன். கை வரவில்லை. அவர் மறுகையால் என் சட்டைக் காலரையும் பிடித்துக்கொண்டு, "சரி, இப்ப என்ன செய்வே?" என்றார். அதற்குப் புத்தகத்தில் பதில் இல்லை.

நுட்பத்தில் தப்பில்லை என்பது, பிறகு முறையாகப் பயின்று பிறருக்குச் சொல்லியும் கொடுக்கத் தொடங்கியபோதுதான் புரிந்தது. பிடித்திருக்கும் கையில் வலு குறைந்த இடம், கட்டைவிரல் நுனியும் மற்ற விரல்களின் நுனியும் சந்திக்கும் இடம். அந்தப் பக்கமாகத்தான் கையை உருவ வேண்டும். நானோ பின்னால் சாய்ந்துகொண்டு வெறும் கைபலத்தால் இழுத்தேன். ஒரு எட்டு முன்னால் வைத்து, முழங்கையை அவர் பக்கமாகக் கொண்டுபோயிருந்தால் கை தானாகக் கழன்றிருக்கும். படத்தில் கால் தெரியவில்லை. உடம்பின் பாரம் எந்தக் காலில் இருக்கிறது என்பது வீடியோவில்கூட அவ்வளவாகத் தெரியாது. ஆனால் இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. கண்ணாடியில் தெரிந்த ஆள் என்னை ஒருமுறைகூட எதிர்க்கவில்லை.

'க்ராவ் மகா' என்ற எபிரேயப் பெயரையே பாருங்கள். க்ராவ் என்றால் சண்டை, மகா என்றால் தொடுதல். ஆளை ஆள் தொட்டுப் போடும் சண்டை. இமி லிக்டென்ஃபெல்ட் 1930-களில் ஐரோப்பாவின் பிராட்டிஸ்லாவா நகரத் தெருச் சண்டைகளில் கண்டதையும், தனக்குத் தெரிந்த குத்துச்சண்டை, மல்யுத்தத்தையும் கலந்து உருவாக்கியது அது. அதில் பாதியை, அதாவது தொடுவதற்கு ஒரு ஆளை, எந்த வீடியோவும் பெட்டியில் போட்டு அனுப்ப முடியாது. அந்த ஆளை நீங்கள்தான் தேட வேண்டும்.

பணம் கட்டுமுன் மாதிரி வீடியோ இருந்தால் சத்தத்தை அணைத்துவிட்டு, சொல்லித்தருபவரை விட்டுவிட்டு, அவரிடம் அடி வாங்குபவரை மட்டும் பாருங்கள். ஒரே ஒரு குத்து விட்டுவிட்டு, நீட்டிய கையை மடக்காமல் சிலைபோல் நிற்கிறாரா? பயிற்சியாளர் ஐந்து அடி அடித்து முடிக்கும்வரை காத்திருந்து, அப்புறம் நல்ல பிள்ளையாக விழுகிறாரா? 40 வீடியோவிலும் இதே கதை என்றால் அது நடனப் பாடம். முரண்டு பிடிக்கிற ஆளோடு சறுக்கிச் சறுக்கிச் செய்துகாட்டும் பாடம் பார்க்க அழகாக இருக்காது. வாங்க வேண்டியது அதைத்தான்.

"எங்கள் முறை மிகவும் ஆபத்தானது, அதனால் எதிர்ப்போடு பழக முடியாது" என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. ஜப்பானில் 1882-ல் ஜூடோவைத் தொடங்கிய கானோ ஜிகோரோ இதற்கு நேர்மாறாக யோசித்தார். ஜூஜுட்சு என்ற பழைய ஜப்பானியச் சண்டைக்கலையின் ஆபத்தான அடிகளை ஆளோடு ஆள் மோதும் பயிற்சியிலிருந்து நீக்கினார். மிச்சம் இருந்ததை மாணவர்கள் முழு வேகத்தில், விட்டுக்கொடுக்காத ஆளிடம், தினமும் பழக முடிந்தது. அந்தப் பயிற்சிக்கு ராண்டோரி என்று பெயர். கண்ணைக் குத்தும் கலையைக் காற்றில் ஆயிரம் முறை செய்தவருக்கு, உண்மையான ஒருவர் தலையைத் திருப்பினால் என்ன ஆகும் என்பதே தெரியாது.

இனி உங்கள் கராத்தே. கைகொடுக்கும், கொஞ்சம் காலையும் வாரும். தூரம் கணிப்பது, கால் ஊன்றுவது, இடுப்பைத் திருப்புவது எல்லாம் உடம்பில் இன்னும் இருக்கும். கூடவே இன்னொரு பழக்கமும் இருக்கும். கராத்தேயில் ஒரு கை குத்தும்போது மறுகையை இடுப்புக்கு இழுக்கச் சொல்லியிருப்பார்கள். க்ராவ் மகாவில் அந்தக் கை தாடையைக் காத்து மேலேயே நிற்க வேண்டும். மெதுவாகச் செய்யும்போது சரியாக வரும். வேகம் கூடியதும் பழைய கை தன் வேலையைக் காட்டிவிடும், உங்களுக்கே தெரியாது. வகுப்பில் என்றால் ஆசிரியர் முகத்தில் லேசாக ஒரு தட்டு தட்டிப் புரியவைப்பார். வீட்டில் கைபேசியைப் பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில் வைத்து உங்களைப் படம் பிடியுங்கள். திரும்பப் பார்க்கும்போது குத்தும் கையைப் பார்க்காதீர்கள். சும்மா இருக்கும் கையைப் பாருங்கள். அதன் கட்டைவிரல் கன்ன எலும்பைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொண்டால் சீக்கிரம் திருந்தும். இன்னொன்று, வீடியோவில் எதிரே நிற்பவரின் வலது உங்களுக்கு இடது பக்கம் தெரியும். அதை அப்படியே கண்ணாடிபோல் பழகி, பக்கம் மாறிப்போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நாற்பதையும் கற்காதீர்கள். எத்தனை பதில்களிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறதோ, அதற்கேற்ப நாம் தாமதிக்கிறோம் என்று 1952-ல் ஹிக் என்ற உளவியலாளர் விளக்குகளையும் விசைகளையும் வைத்து அளந்து காட்டினார். அது சண்டை அல்ல, மேசைச் சோதனை. ஆனாலும் பத்து விடுவிப்பு கற்றவர் பிடிபட்டதும் ஒரு கணம் யோசிப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். உள்ளங்கை அடிப்பாகத்தால் அடிப்பது, முழங்கால், மணிக்கட்டை விடுவிப்பது, கீழே விழுந்தால் தலையைக் காத்துக்கொண்டு எழுவது. முதல் ஆறு மாதத்துக்கு இவ்வளவு போதும். முஷ்டி வேண்டாம். பழக்கமில்லாத முஷ்டி மண்டையில் பட்டால், சுண்டுவிரலுக்குக் கீழே இருக்கும் எலும்புதான் பெரும்பாலும் முறியும். காற்றில் பழகும்போது முழங்கையையும் முழங்காலையும் கடைசிவரை விறைத்து நீட்டாதீர்கள், மூட்டு கெடும்.

துணைக்கு ஆள் கிடைத்ததும் முதல் நாள் லேசாகப் பிடிக்கச் சொல்லுங்கள். அது வந்துவிட்டால் இறுக்கிப் பிடிக்கட்டும். அடுத்து, பிடித்து இழுக்கட்டும். கடைசியில், எப்போது பிடிப்பேன் என்று சொல்லாமல் பிடிக்கட்டும். அன்றைக்கு உங்களுக்கு எதுவும் வராது. கவலைப்படாதீர்கள், பாடம் அங்கேதான் தொடங்குகிறது. கழுத்தை நெரிப்பது, ஆளைத் தூக்கி எறிவது, மூட்டை வெடுக்கென்று முறுக்குவது, இந்த மூன்றையும் வீட்டில் தொடவே வேண்டாம். கழுத்தின் இருபுறமும் அழுத்தம் சரியாக விழுந்தால் பத்து நொடிக்குள்ளேயே நினைவு தப்பலாம், 'விடு' என்று சொல்லக்கூட நேரம் இருக்காது. மாதத்தில் ஒரு நாளாவது விடுமுறையில் ஒரு பயிற்சிக்கூடத்துக்குப் போய், முன்பின் தெரியாத ஒருவர் கையில் சிக்கிப் பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன்: குரல். கிட்டத்தட்ட எல்லோரும் தாண்டிப்போகும் பாடம் இது. இரண்டு கைகளையும் நெஞ்சு உயரத்தில் விரித்துப் பிடித்து, ஒரு அடி பின்னால் வைத்து, "நில்லு! கிட்ட வராதே!" என்று கத்த வேண்டும். செய்து பாருங்கள், எவ்வளவு கடினம் என்று தெரியும். என்னிடம் வந்த பெண்கள் பலருக்கு முதல்முறை வாயில் வந்தது "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்பதுதான். தாக்க வருகிறவனுக்கும் மரியாதை! அந்த 'ங்க'வை எடுக்கவே சிலருக்கு இரண்டு வாரம் பிடித்தது. அதை எடுத்த பிறகுதான் குரல் தொண்டையிலிருந்து வயிற்றுக்கு இறங்கியது. இதற்குத் துணை ஆள் வேண்டாம், இடமும் வேண்டாம். பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள், அவ்வளவுதான். கத்தியபின் செய்ய வேண்டியது ஓடுவது. ஓட வழி இல்லை என்றால் மட்டுமே அந்த நான்கு நுட்பங்களும்.

கடைசியாக, கத்தியைப் பிடுங்கும் வீடியோக்கள். உங்கள் தொகுப்பிலும் நாலைந்து இருக்கும். அவற்றைப் பார்க்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். பழைய வெள்ளைச் சட்டை ஒன்று, சிவப்பு மார்க்கர் ஒன்று. மார்க்கர் வைத்திருப்பவர் இஷ்டத்துக்குக் குத்தலாம், கீறலாம், கையை மாற்றலாம். சட்டை போட்டவர் அதைப் பிடுங்க வேண்டும். முகத்தில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முப்பது நொடி கழித்துச் சட்டையில் எத்தனை கோடு என்று எண்ணுங்கள்.

உங்கள் கணவர் சிரிக்கிறார் என்று எழுதியிருந்தீர்களே, அவரையே துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் வெள்ளைச் சட்டை அவருக்கு, மார்க்கர் உங்களுக்கு.