வெளியில் மேக்ரோ எடுக்க எந்த ட்ரைபாட்? கேள்வி பதில்

கே: சார், காளான், பூச்சி எடுக்க ட்ரைபாட் வாங்கணும். எதைப் பார்த்து வாங்குவது?

ப: எவ்வளவு தாழ்கிறது என்று முதலில் பாருங்கள். எவ்வளவு உயர்கிறது என்பது அப்புறம். மேக்ரோவில், அதாவது சின்னப் பொருளை நெருங்கிப் பெரிதாக எடுப்பதில், பாதி வேலை முழங்காலுக்குக் கீழேதான். ஒவ்வொரு காலும் தனித்தனியாக, தரையோடு படுக்கிற அளவுக்கு விரிய வேண்டும். மூன்று கால்களையும் குறுக்குக் கம்பி இணைத்திருந்தால் வேண்டவே வேண்டாம், சரிவில் அது நிற்காது. கால்களுக்கு நடுவே ஏறி இறங்கும் நடுத்தண்டு கழற வேண்டும். கழறாவிட்டால் கால்களை எவ்வளவு விரித்தாலும் தண்டின் நுனி தரையில் இடிக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நன்றாக விரித்த கால்கள் சுமார் 8 செ.மீ., பால் ஹெட் (கேமராவைத் தாங்கும் உருண்டை மூட்டு) 10, கேமராவின் அடியிலிருந்து லென்ஸின் நடு வரை 4. ஆக 22 செ.மீ. உங்கள் காளானோ 3 செ.மீ. உயரம். அதற்குப் பக்கவாட்டில் எடுக்க ட்ரைபாடை ஓரம் வைத்துவிட்டு பீன் பேக் என்ற சிறு பையின் மேல் கேமராவை வையுங்கள். அரிசி நிரப்பினால் மழையில் ஊறிவிடும், பிளாஸ்டிக் மணிகள் நல்லது.

கே: 8 கிலோ தாங்கும் என்று போட்டிருக்கிறது. என் கேமராவும் 100 எம்எம் லென்ஸும் சேர்ந்து ஒன்றரை கிலோ. போதுமா?

ப: அந்த எண்ணை வைத்து நடுக்கத்தைக் கணிக்க முடியாது. 1:1-இல், அதாவது பொருள் தன் அசல் அளவிலேயே சென்சாரில் பதியும்போது, ஃபுல் ஃபிரேம் சென்சாரில் விழுவது 36 × 24 மி.மீ. பரப்புதான். 24 மெகாபிக்சலில் 0.1 மி.மீ. அசைவே கிட்டத்தட்ட 17 பிக்சல். கடையிலேயே உங்கள் கேமராவை மாட்டி, லைவ் வியூவை (கேமரா திரையில் தெரியும் நேரடிக் காட்சியை) 10 மடங்கு பெரிதாக்கி, ஒரு காலை விரலால் தட்டுங்கள். படம் உடனே அடங்கினால் வாங்குங்கள். ஆடிக்கொண்டே இருந்தால் வேறு பாருங்கள்.

கே: பால் ஹெட்டா, கியர் ஹெட்டா?

ப: பால் ஹெட்டை இறுக்கிவிட்டுக் கையை எடுத்ததும் கேமரா கொஞ்சம் தொங்கும். தூரக் காட்சியில் தெரியாது. ஒரு ரூபாய் நாணயத்தை 1:1-இல் வைத்துப் பாருங்கள், நடுவில் வைத்த எழுத்து ஓரத்துக்குப் போயிருந்தால் அந்த ஹெட் மேக்ரோவுக்கு ஆகாது. காளான், பூ என்றால் மேன்ஃப்ரோட்டோ 410 மாதிரி கியர் ஹெட் சுகம்: மூன்று திருகுகள், ஒவ்வொன்றும் ஒரு திசைக்கு. எடை மட்டும் ஒரு கிலோவுக்கு மேல். பூச்சிக்கு அது மெதுவு, நல்ல பால் ஹெட் போதும்.

கே: நடுத்தண்டைத் தலைகீழாக மாட்டித் தாழ்வாக எடுக்கலாமே?

ப: எடுக்கலாம். கேமரா தலைகீழாகத் தொங்கும், கால்கள் உங்கள் கைக்கும் வெளிச்சத்துக்கும் குறுக்கே நிற்கும். கழற்றிவிட்டுக் கால்களை விரிப்பதே மேல்.

கே: அண்ணா, பூச்சிக்கு ட்ரைபாடே வீண். ஃபிளாஷும் அதன் ஒளியைப் பரப்பும் டிஃப்யூசரும் இருந்தால் கையிலேயே எடுக்கலாம்.

ப: நடமாடும் பூச்சிக்கு ஒப்புக்கொள்கிறேன். குறைந்த பவரில் ஃபிளாஷ் 1/10000 நொடியை ஒட்டியே எரியும், அசைவு உறைந்துவிடும். ஆனால் எஃப்/11 துளை, 1/200 நொடியில் நிழலில் எடுத்தால் பின்னணி கறுத்துப் போகிறதே?

கே: ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறனை) ஏற்றினால் பின்னணி வருமே அண்ணா.

ப: வரும். அப்போது இயல்பு வெளிச்சமும் பதிவதால் கை நடுக்கமும் பதியும், ஃபிளாஷ் உறையவைத்த உருவத்தைச் சுற்றி இரண்டாவது விளிம்பு தெரியும். ட்ரைபாட் வேண்டும் என்பதற்கு ஸ்டாக்கிங், அதாவது பல படங்களை அடுக்கி ஒன்றாக்குவது, இன்னொரு காரணம். 1:1-இல் எஃப்/8 வைத்தால் கூர்மை ஏறக்குறைய ஒரு மி.மீ. ஆழம்தான். விடியலில் பனித்துளியோடு அசையாமல் உட்கார்ந்திருக்கும் தும்பியின் முகம் முழுக்கக் கூர்மையாக வேண்டுமென்றால் பல படங்களை அடுக்க வேண்டும். கையிலும் சிலர் அடுக்குகிறார்கள், ஆனால் பாதிக்கு மேல் வீணாகும்.

கே: காற்றடித்தால் ட்ரைபாட் என்ன செய்யும்?

ப: ஒன்றும் செய்யாது. ஃபிளாஷ் கட்சிக்கு வலுவான இடம் இதுதான். ஒரு குச்சியை நட்டு, செடியின் தண்டை கிளிப்பால் அதோடு பிடித்து வையுங்கள். மொட்டையோ இலையையோ கவ்வ வேண்டாம், நசுங்கும்.

கே: கார்பனா, அலுமினியமா?

ப: நிறைய நடப்பீர்கள் என்றால் கார்பன். காரிலிருந்து இறங்கி எடுப்பீர்கள் என்றால் அலுமினியம், மிச்சக் காசு ஹெட்டுக்கு.

கே: 2000 ரூபாய்க்குள் சொல்லுங்க சார்.

ப: பீன் பேக்.

கே: பிடித்த மாடல் ஒன்று இருக்கிறது, நடுத்தண்டு மட்டும் கழறாது. பரவாயில்லையா?

ப: முதல் பதிலைப் படியுங்கள். கழறாவிட்டால் வேண்டாம்.

கே: நடுத்தண்டு நீளமாக இருந்தால் நல்லதுதானே?

ப: இல்லை. உயர்த்திய தண்டு ஒற்றைக்கால்தான்.

கே: கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசேஷனை அணைக்கணுமா?

ப: அணையுங்கள். 2 நொடி டைமரும் வையுங்கள்.

கே: ஓடையில், சருகின் மேல் நிறுத்தலாமா?

ப: சருகின் மேல் நிறுத்தினால் கால்கள் மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும், ஸ்டாக்கின் முதல் படமும் கடைசிப் படமும் பொருந்தாது. ஒவ்வொரு காலையும் கெட்டி மண் தட்டுப்படும் வரை அழுத்துங்கள்.

ஓடையில் கடைசிக் கண்ணியை முழுக்க நீட்டி, பூட்டு தண்ணீருக்கு மேலே இருக்குமாறு வையுங்கள். பூட்டுக்குள் மணல் போனால் திருகும்போதெல்லாம் அரைக்கும். பென்போ ட்ரைபாடில் தடித்த குழாய் கீழே, அடி மூடியிருக்கும், அதனால் தண்ணீர் புகாது. மற்றவற்றை வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, கால்களை நீட்டியபடியே காயவிடுங்கள். ஈரத்தோடு உள்ளே தள்ளினால் மணலும் கூடவே போகும்.