எண்ணாமல் போட்ட கையெழுத்து

கேள்வி: டர்பனில் ஓர் அரசு மருத்துவமனையின் அறுவை சிகிச்சை வார்டில் 19 வருடமாக சிஸ்டராக இருக்கிறேன். பத்து வாரத்துக்கு முன் வார்டின் பொறுப்பைப் பார்க்கும் ஆபரேஷனல் மேனேஜர் பதவி என்னைவிட ஆறு வருடம் ஜூனியரான ஒருவருக்குப் போனது. அன்றிலிருந்து அவருடைய கோஷ்டி வைத்ததுதான் சட்டம். புனித வெள்ளியன்று இங்கே நடக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் எனக்கு நைட், சித்திரை வருடப்பிறப்புக்கும் நைட். டீ ரூமுக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. பிரஷர் மாத்திரை ஆரம்பித்துவிட்டேன். அந்தக் கோஷ்டியைச் சேர்ந்த அடுத்த ஷிஃப்ட் சிஸ்டரோடு எனக்குப் பேச்சே கிடையாது. ஷிஃப்ட் மாறும்போதுகூட அவர் எழுதி வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். கணவருக்கு நிலையான வேலை இல்லை, இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். குடும்பத்துக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். நான் என்ன செய்வது?
– வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: டீ ரூம் கதையை அப்புறம் பேசலாம், தங்கச்சி. 'அவர் எழுதி வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு' என்று போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்களே, நான் அங்கேயே நின்றுவிட்டேன். எதில் கையெழுத்து என்று நீங்கள் சொல்லவில்லை. அறுவை சிகிச்சை வார்டில் ஷிஃப்ட் மாறும்போது இரண்டு சிஸ்டர்கள் சேர்ந்து கையெழுத்துப் போடுவது எதில் என்று எனக்குத் தெரியும். மருந்துப் பதிவேட்டில். மார்பின், பெத்திடின் மாதிரி ஆறாம் ஷெட்யூல் மருந்துகளுக்கு, அதாவது சட்டம் கடுமையாகக் கட்டுப்படுத்தும் மருந்துகளுக்கு. பூட்டிய அலமாரியைத் திறந்து, ஆம்பூல்களை, அந்த ஊசி மருந்துக் குப்பிகளை, ஒவ்வொன்றாக எண்ணி, பதிவேட்டோடு ஒத்துப் பார்த்து, அதற்கப்புறம் போட வேண்டிய கையெழுத்து அது. நீங்கள் எண்ணவில்லை. பேச்சு இல்லை என்பதால் எண்ணவில்லை.

பதவி போனதற்கும் திருவிழாவுக்கும் பக்கம் பக்கமாக அழுதிருக்கிறீர்கள். இதற்கு அரை வரி!

எங்கள் பாட்டி கடைசி மூன்று வாரம் வார்டில் கிடந்தார். ஊசி நேரம் நெருங்க நெருங்கக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்வார். அந்த மார்பினைக் கொண்டு வந்த சிஸ்டருக்கு யாரோடு சண்டை, யாரோடு சமாதானம் என்று எங்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு ஆம்பூல் குறைந்தால் யாரோ ஒரு நோயாளிக்கு வலி தீரவில்லை என்று அர்த்தம், இல்லையென்றால் யாரோ அதை எடுத்துப் போகிறார்கள் என்று அர்த்தம். கூட்டுக் குடும்பத்தில் ஓரகத்திகள் மாதக்கணக்கில் முகம் பார்க்காமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பிள்ளைக்கு ஜுரம் என்றால், 'மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தாய்?' என்று ஒருத்தி கேட்பாள், மற்றவள் பதில் சொல்வாள். அந்த அளவு பேச்சுகூட உங்கள் வார்டில் இல்லையா?

குடும்பத்துக்காக வாயை மூடிக்கொண்டேன் என்கிறீர்கள். இதை என்னால் ஏற்க முடியாது. உங்கள் வீட்டு அடுப்பு எரிவது நர்சிங் கவுன்சிலில் உங்கள் பெயர் பதிவாகி இருப்பதால். கணக்கு இடித்து விசாரணை வந்தால், 'நாங்கள் பேசிக்கொள்வதில்லை' என்று சொல்லித் தப்ப முடியுமா? உங்களை வெளியே தள்ள நினைப்பவர்களுக்கு இனிமேல் அரசியலே தேவையில்லை. அந்தப் பதிவேட்டை எடுத்து நீட்டினால் போதும். அதை அவர்கள் கையில் கொடுத்தது நீங்கள்தான்.

ஆகவே அடுத்த ஷிஃப்டிலேயே எண்ணுங்கள். இருப்பு ஒத்துவரவில்லை என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த மணி நேரத்திலேயே மேனேஜருக்கு எழுத்தில் தெரிவியுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். அந்த மேனேஜருக்கா என்று கேட்காதீர்கள். ஆமாம், அவருக்குத்தான். பழைய பக்கங்களைத் திருத்தும் புத்தி மட்டும் வந்துவிட வேண்டாம். இதுவரை எண்ணாமல் போட்டதைத் தொழிற்சங்கப் பிரதிநிதியைக் கூட வைத்துக்கொண்டு நீங்களாகவே போய்ச் சொல்லிவிடுங்கள். கஷ்டம்தான். பிறர் கண்டுபிடித்துக் கேட்கும் நாள் இதைவிடக் கஷ்டம்.

பதவி விஷயத்துக்கும் வழி இருக்கிறது. பதவி உயர்வில் நியாயக்கேடு நடந்தது என்றால் 1995 தொழிலுறவுச் சட்டத்தின் கீழ் 90 நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். அரசு மருத்துவமனை என்பதால் அது இந்தத் தகராறுகளைத் தீர்க்கும் சுகாதாரத் துறை பேரப் பேச்சுக் கவுன்சிலுக்கு (bargaining council) போகும். பத்து வாரம் என்றால் 70 நாள் போய்விட்டது. புலம்பிய நேரத்தில் படிவத்தை நிரப்பியிருக்கலாம்.

திருவிழா நைட்டைப் பற்றி என் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். அம்மனுக்குத் தீமிதி என்று வார்டைப் பூட்ட முடியாது, யாராவது இருந்துதான் ஆக வேண்டும். ஒவ்வொரு முறையும் நீங்களே என்றால் அது அநியாயம். யாருக்கு எந்த ஷிஃப்ட் என்று போடும் ஆஃப்-டியூட்டி தாள்களைப் படமெடுத்து அதே புகாரோடு சங்கத்திடம் கொடுங்கள். வேலையிடத் துன்புறுத்தலுக்கென்று 2022இல் வந்த நடத்தை விதிகளையும் அவர்களிடமே கேட்டு வாங்கிப் படியுங்கள்.

இதெல்லாம் நடக்க மாதங்கள் ஆகும். அலமாரி அடுத்த ஷிஃப்டிலேயே திறக்கும். "சிஸ்டர், எண்ணலாமா?" என்று நீங்களே முதலில் கேளுங்கள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால், அவரை அங்கேயே நிற்க வைத்துக்கொண்டு நீங்கள் சத்தமாக எண்ணுங்கள்.