தெகுசிகல்பா நோட்டும் வீட்டுப் பத்திரமும்

சார், அம்மா,

போன சனிக்கிழமை நேரில் சொல்லி முடிக்காததை எழுதுகிறேன். மகளை அடுத்து என்ன படிக்க வைக்கலாம் என்று என்னிடம் யோசனை கேட்க ஆரல்வாய்மொழியிலிருந்து மூன்று பேரும் பஸ் ஏறி வந்திருந்தீர்கள். அம்மா உட்கார்ந்ததுமே, "பிள்ளை ராத்திரி முழுக்க விமானம் விழுந்த கதையையே படிக்கிறா சார், எனக்குப் பயமா இருக்கு" என்றார். அப்பா அதற்குள் பைலட் பயிற்சி நிறுவனத்தின் கட்டணத் தாளை மேசையில் வைத்துவிட்டார். வளைகுடாவில் இருக்கும் மாமா, "விமானத்து மேல இவ்வளவு ஆசை இருக்கே, பைலட் ஆக்கிருங்க, குடும்பத்துக்கே பெருமை" என்று சொல்லிவிட்டாராம். வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்க வங்கியில் பேசியாயிற்று. வருகிற வெள்ளிக்கிழமை முன்பணம்.

பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை அம்மா, பயப்படாதீர்கள். ஆனால் அந்த முன்பணத்தைக் கட்டாதீர்கள்.

அவள் என்னிடம் விட்டுப்போன நோட்டை இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். நீங்கள் இரண்டு பேரும் அதைத் திறந்தே பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். மத்திய அமெரிக்காவில் ஹோண்டுராஸ் என்று ஒரு நாடு. அதன் தலைநகர் தெகுசிகல்பா. அங்குள்ள தோன்கோந்தின் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரத்தில், சுற்றிலும் மலைகளுக்கு நடுவே இருக்கிறது. ஓடுபாதையும் குட்டை. நோட்டு முழுக்க அந்த ஒரு நிலையத்தைப் பற்றித்தான்.

1989 அக்டோபர் 21. கோஸ்தா ரிக்காவிலிருந்து நிகரகுவா வழியாக வந்த டான்-சாசா 414 என்ற பயணிகள் விமானம், போயிங் 727 ரகம். தரையிறங்க வரும்போது ஊருக்குத் தெற்கே செர்ரோ தே ஊலா மலையில் மோதியது. 146 பேரில் 131 பேர் இறந்தார்கள். மேகம் மூடிய மலை நாட்டில் விமானி நினைத்தபடி இறங்க முடியாது. நிலையத்திலிருந்து இத்தனை மைலில் இந்த உயரம், இதற்குக் கீழே வராதே என்று மாடிப்படி மாதிரி ஒரு பாதை வரைந்து வைத்திருப்பார்கள். அந்தப் படிகளைப் பின்பற்றாமல் விமானம் இறங்கிக்கொண்டே வந்தது என்பதுதான் விசாரணையில் தெரிந்தது. உங்கள் மகள் அந்தப் படிகளைப் பென்சிலால் வரைந்து, கீழே மலையின் உருவத்தையும் வரைந்து, பக்கத்தில் ஒரு கேள்வி எழுதியிருக்கிறாள்: "இந்தப் படிகளை முதலில் போட்டது யார்? எதை வைத்துப் போட்டார்கள்?"

அதே மலையில் இன்று காற்றாலைகள் நிற்கின்றன. அந்தப் பக்கத்துக் காற்று அவ்வளவு பலமானது. காற்றாலை வரிசைக்கு நடுவே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு, மலைக் கணவாயில் காற்று எப்படித் திரும்பும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. அந்தப் பக்கத்தில் அவள் போட்டிருக்கும் அம்புக்குறிகளைப் பாருங்கள்.

அப்புறம் 2008 மே 30. எல் சால்வதோரிலிருந்து டாக்கா (TACA) என்ற விமான நிறுவனத்தின் 390-ஆம் எண் விமானம், ஏர்பஸ் ஏ320 ரகம், 124 பேருடன் வந்தது. அல்மா என்ற வெப்பமண்டலப் புயல் மழையைக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. ஓடுபாதை ஈரம். தண்ணீர் வடிவதற்காகக் குறுக்கே வெட்டும் வரிப்பள்ளங்கள் அந்த ஓடுபாதையில் கிடையாது. காற்றோ பின்னாலிருந்து, சுமார் 12 நாட் வேகத்தில் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஏறக்குறைய 1.85 கி.மீ.) தள்ளியது. இறங்குவதற்கு 1,650 மீட்டர் அளவுதான் இடம். அதிலும் ஏறக்குறைய 400 மீட்டர் கடந்த பிறகே சக்கரம் தரையைத் தொட்டது. விமானம் பாதை முடிந்தும் நிற்காமல் கரையிலிருந்து விழுந்து, கீழே வண்டிகள் ஓடிக்கொண்டிருந்த சாலையில் போய்க் கிடந்தது. விமானி, பயணிகள் இருவர், சாலையில் இருந்த இருவர் என ஐந்து பேர் இறந்தார்கள்.

இந்த இடத்தில் அவள் ஒரு கணக்குப் போட்டிருக்கிறாள். 130 நாட் வேகத்தில் தரை தொட வேண்டிய விமானம் என்று வைத்துக்கொண்டால், 12 நாட் பின்காற்று அதை 142 ஆக்கிவிடும். பிரேக் தாங்க வேண்டிய இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். பதினொன்றாம் வகுப்பு இயற்பியல்தான். அதை இப்படி எடுத்துப் பயன்படுத்திய பிள்ளையை என் மேசைக்கு எதிரே நான் அதிகம் பார்த்ததில்லை.

கணக்குக்குக் கீழே சிவப்பு மையில் இன்னொரு வரி. 1997 ஏப்ரல் 1 அன்றே அமெரிக்க விமானப்படையின் சி-130 சரக்கு விமானம் ஒன்று இதே ஓடுபாதையைத் தாண்டி ஓடி மூன்று பேர் இறந்திருக்கிறார்கள். "11 வருஷம் இருந்ததே?" என்று எழுதியிருக்கிறாள். 2008-க்குப் பிறகுதான் பெரிய விமானங்களைச் சில வாரம் நிறுத்தினார்கள், ஓடுபாதையை நீட்டினார்கள். இதற்கு மாற்றாகக் கொமாயகுவா என்ற ஊரில் பால்மெரோலா விமான நிலையம் திறக்க 2021 ஆகிவிட்டது. இடையில், 2011 பிப்ரவரி 14 அன்று, சான் பெத்ரோ சூலாவிலிருந்து வந்த சிறிய விமானம் ஒன்று மறுபடியும் அதே மலைப்பக்கம் விழுந்து 14 பேரும் இறந்தார்கள். நம் பக்கத்தில் 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் நடந்த விமான விபத்திலும் ஈர ஓடுபாதை, பின்காற்று, தள்ளிப் போய்த் தரை தொட்டது என்று இதே மூன்றும் சேர்ந்திருந்ததை நோட்டின் ஓரத்தில் குறித்திருக்கிறாள்.

சார், இந்த நோட்டில் காக்பிட் படம் ஒன்றுகூட இல்லை. விமானம் ஓட்டும் ஆசை ஒரு வரியிலும் இல்லை. காற்று எவ்வளவு என்று யார் சொன்னார்கள், படிகளை யார் வரைந்தார்கள், ஈரத்தை யார் பார்த்தார்கள் என்று தரையில் இருப்பவர்களைப் பற்றித்தான் எல்லாக் கேள்வியும். "நீ விமானம் ஓட்டணுமா?" என்று நான் கேட்டபோது அவள் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தாள். அதை நீங்கள் சம்மதமாக எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பணக் கணக்கையும் வெளிப்படையாகப் பேசிவிடுவோம். வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்து முடிக்க, தங்குவது சாப்பிடுவது சேர்த்து, 50 லட்சத்துக்கு மேல் போகும். உரிமம் கைக்கு வந்த பிறகு குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்ட டைப் ரேட்டிங் என்று இன்னும் பல லட்சம். அதற்கப்புறமும் வேலை உறுதியில்லை. உரிமத்தை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் என்னிடமே வந்திருக்கிறார்கள். இருப்பது ஒரே வீடு, அதற்குப் பின்னால் இன்னொரு பிள்ளையும் இருக்கிறான். விமானத்தின் மேல் வெறியாக இருக்கிற பிள்ளை என்றாலும் இந்தக் கடனுக்கு நான் பத்து முறை யோசிக்கச் சொல்வேன். வாயைத் திறந்து ஆசை என்றே சொல்லாத பிள்ளைக்காக வேண்டவே வேண்டாம். மாமா பெருமைப்படுவார், மாதத் தவணையை நீங்கள்தான் கட்டுவீர்கள்.

நான் சொல்வது விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரி வேலை. ஏர் டிராஃபிக் கண்ட்ரோலர். கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து விமானங்களுக்கு உயரம், திசை, இடைவெளி சொல்பவர். நம் ஊரில் மாணவர்களிடம் கேட்டால் பத்தில் ஒருவருக்குக்கூட இதற்கு என்ன படிக்க வேண்டும் என்று தெரிவதில்லை. வேலை தருவது இந்திய விமான நிலைய ஆணையம், மத்திய அரசு நிறுவனம். பதவியின் பெயர் ஜூனியர் எக்ஸிகியூட்டிவ். இயற்பியலும் கணிதமும் படித்த மூன்று வருட பி.எஸ்சி. போதும். அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல், கணிதம் துணைப்பாடம். மூன்று வருடத்துக்கும் சேர்த்து அவளுடைய கல்லூரிக் கட்டணம், அந்தப் பைலட் நிறுவனம் கேட்கும் முன்பணத்தில் ஒரு மூலைக்கு வராது.

தேர்வு கணினியில் நடக்கும். பாதி ஆங்கிலம், பொது அறிவு, திறனறி. மீதிப் பாதி இயற்பியலும் கணிதமும். அந்தப் பாதிதான் அவள் களம். தேறியவர்களுக்குக் குரல் தேர்வு இருக்கிறது. சொல்வது ரேடியோவில் தெளிவாகக் கேட்க வேண்டும், விமானி திருப்பிச் சொல்வதில் ஒரு எண் மாறினாலும் காதில் பிடிக்க வேண்டும். போதைப்பொருள் பரிசோதனை, மருத்துவப் பரிசோதனை எல்லாம் உண்டு. பிறகு பிரயாக்ராஜ் போன்ற இடங்களில் உள்ள ஆணையத்தின் பயிற்சி மையத்தில் பயிற்சி. அந்தக் காலத்தில் உதவித்தொகை தருவார்கள். பதவியின் அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாயில் தொடங்கும், அலவன்ஸ் எல்லாம் தனி.

கட்டுப்பாட்டு அறையில் அவள் என்ன செய்வாள் தெரியுமா? தரையிறங்க அனுமதி கொடுக்கும்போது காற்றின் திசையையும் வேகத்தையும் அவள் வாயால் சொல்வாள். தெகுசிகல்பாவில் அன்று உயிர்போகிற விஷயமாக இருந்த அதே எண்கள். முடிவு விமானியுடையதுதான், அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் முடிவெடுக்கத் தேவையான தகவல் அவள் கையில் இருக்கும். அனுபவம் வந்த பிறகு, இறங்குபாதை வடிவமைக்கும் பிரிவுக்குப் போகலாம். மலையை அளந்து அந்த மாடிப்படிகளைப் போடுகிறவர்கள் இந்தப் பணியிலிருந்து போனவர்கள்தான். அவள் பென்சிலால் கேட்ட முதல் கேள்விக்கு விடை அந்தப் பிரிவில் இருக்கிறது.

கஷ்டங்களும் உண்டு. ராத்திரி ஷிஃப்ட் இருக்கும். குவாஹாத்திக்கோ ஜம்முவுக்கோ போகச் சொன்னால் போக வேண்டும். அறிவிப்பு எல்லா வருடமும் வராது, போட்டியும் கடுமை, பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 27. முதல் முறை கிடைக்காமல் போகலாம். அப்படிப் போனாலும் அவள் கையில் ஒரு பட்டம் இருக்கும், உங்கள் தலைக்கு மேல் வீடு இருக்கும். தமிழ் வழியில் படித்த பிள்ளை என்பதால் பேச்சு ஆங்கிலத்துக்கு மட்டும் இன்றிலிருந்தே உழைக்க வேண்டும். தினமும் அரை மணி நேரம் சத்தமாக வாசிக்கட்டும். அது ஒன்றுதான் எனக்குக் கவலை.

சரி, இப்போது செய்ய வேண்டியது. வெள்ளிக்கிழமை அந்த நிறுவனத்துக்குப் போகாதீர்கள். வங்கியில் கொடுத்த விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிவிடுங்கள். மாமா போன் செய்தால் என் எண்ணைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன். கலைக் கல்லூரி விண்ணப்பத்தில் பி.எஸ்சி. இயற்பியலை முதல் விருப்பமாகப் போடுங்கள். ஆனால் போடுவதற்கு முன்னால் அவளைத் தனியாக உட்காரவைத்து, மாமா பேச்சை எடுக்காமல், "இது உனக்குப் பிடிச்சிருக்கா?" என்று ஒரு தரம் கேளுங்கள். இல்லை என்றால் இந்தக் கடிதத்தையும் ஓரமாக வைத்துவிடலாம்.

நோட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை அவளே வந்து வாங்கிக்கொள்ளட்டும். நீங்கள் வெளியே பெஞ்சில் இருங்கள், எனக்கு அவளோடு இரண்டு மணி நேரம் வேண்டும்.