கதைச்சுருக்கமாக நின்றுவிடும் ஆய்வுக்கட்டுரை குறித்து
ஆங்கில நாவல்களில் அதிகாரமும் ஒடுக்குமுறையும் பற்றிய உங்கள் கட்டுரை வெறும் கதைச்சுருக்கமாக இருப்பதாகச் சொல்லி நெறியாளர் திருப்பி அனுப்பியதாக எழுதியிருந்தீர்கள். கொடுமைகளை வரிசைப்படுத்துவதை விட்டு, ஒடுக்குமுறை மொழிக்குள் எப்படி இயங்குகிறது என்று பாருங்கள். மார்கரெட் அட்வுட்டின் ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ (1985) நாவலில் பெண்கள் படிப்பது தடைசெய்யப்பட்டிருப்பதால் கடைப் பலகைகளில்கூடப் படங்களே இருக்கின்றன. கதைசொல்லிக்கு இடப்பட்ட ‘ஆஃப்ஃபிரெட்’ (Of Fred, ‘ஃபிரெட்டின்’) என்ற பெயரோ, அவள் ஃபிரெட் என்பவனுக்கு உரியவள் என்பதைத் தவிர வேறெதையும் சொல்வதில்லை. முல்க் ராஜ் ஆனந்தின் ‘அன்டச்சபிள்’ (1935) நாவலில் தீண்டத்தகாதவனாக ஒதுக்கப்பட்ட துப்புரவுத் தொழிலாளி பாக்கா, மற்றவர்கள் விலகிக்கொள்வதற்காகத் தன் வருகையைத் தானே கூவி அறிவித்தபடி தெருவில் நடக்க நேர்கிறது; அந்தக் காட்சி என்னை இன்றும் உலுக்குகிறது, ஏனெனில் அங்கே அவனுடைய குரலே அவனுக்கு எதிரான கருவியாகிறது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து, பெயரிடுபவர் யார், குரலெழுப்பக் கட்டாயப்படுத்தப்படுபவர் யார் என்ற கேள்வியிலிருந்து எழுதத் தொடங்குங்கள்.