15 புள்ளியும் 11 நாளும்

கேள்வி: பாரிஸ் புறநகரொன்றில் 14 பணியாளர்களுடன் துப்புரவு நிறுவனம் நடத்துகிறேன். நகரசபைப் பள்ளிகளை 9 ஆண்டுகளாக நாங்களே சுத்தம் செய்தோம். ஒரு முறைப்பாடும் வந்ததில்லை. இம்முறை எல்லோரையும்விடக் குறைந்த விலை போட்டும், 80 புள்ளிகளுடன் தோற்றோம். பெரிய நிறுவனமொன்று 90 எடுத்தது. ‘நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு’ என்ற 15 புள்ளியில் எங்களுக்கு 6, அவர்களுக்கு 14. தரை துடைக்கும் வேலைக்கு இது எதற்கு? மேயருக்குப் பதிவுத் தபால் அனுப்பிவிட்டேன். வழக்குப் போடலாமா? என் ஆட்களின் கதி என்ன?

பதில்: ஒன்பது ஆண்டு உழைப்பும் முறைப்பாடு இல்லாத பெயரும் மதிக்கத்தக்கவைதாம், ஆனால் இந்த வழக்கில் அவற்றுக்கு இடமில்லை. ‘எதற்கு’ என்ற கேள்வியையும் விட்டுவிடுங்கள். நீண்டகாலம் வேலையற்றிருப்போரை அமர்த்தவேண்டும் என்ற நிபந்தனையைப் பொது ஒப்பந்தத்தில் வைக்க ஐரோப்பிய நீதிமன்றம் 1988-இலேயே வழிவிட்டது. 2014/24 இலக்க ஐரோப்பியப் பணிப்பாணையின் (உறுப்பு நாடுகள் தம் சட்டத்தில் சேர்க்கவேண்டிய விதித்தொகுப்பின்) 67-ஆம் உறுப்பு, சமூக அளவுகோல்களுக்குப் புள்ளி கொடுப்பதை வெளிப்படையாகவே ஏற்கிறது.

உங்கள் கடிதத்தில் சட்டத்துக்குப் பொருட்படுவது ஒரே சொல்: ‘நிறுவனத்தின்’. அளவுகோல் எதுவானாலும் அது ஒப்பந்தப் பொருளோடு தொடர்புடையதாக இருக்கவேண்டும் என்கிறது அதே 67-ஆம் உறுப்பு. நிறுவனமொன்றின் பொதுவான கொள்கைகளை அளப்பது அந்தத் தொடர்புக்குள் அடங்காது என்று பணிப்பாணையின் முகவுரை தெளிவாக்குகிறது. நாந்த் பெருநகரசபையின் அச்சுப்பணி ஒப்பந்தத்தில் நிறுவனங்களின் பொதுவான சமூகப் பொறுப்புக்குப் புள்ளி இட்டதை, நிர்வாக வழக்குகளின் உச்ச நீதிமன்றமான பிரெஞ்சு அரசமன்றம் 2018 மே 25 அன்று செல்லாது என்றது இதனால்தான். ஆனால் ஈசேர் மாவட்டத்தின் வீதிப்பணியில், வேலை கிடைக்காதவர்களை அந்தப் பணியிலேயே அமர்த்தும் திட்டத்துக்குப் புள்ளி இட்டதை அதே மன்றம் 2013-இல் ஏற்றது. ஆகவே நகரசபையின் ஆவணம் உங்கள் பள்ளிகளில் யார், எத்தனை மணிநேரம் வேலை செய்யப்போகிறார்கள் என்று கேட்டதா, நிறுவனத் தலைமையகத்தின் பொதுவான கொள்கைச் சாசனத்தைக் கேட்டதா என்பதைத்தான் பார்க்கவேண்டும். பின்னதானால் உங்கள் வாதத்துக்கு வலு உண்டு.

வலு உண்டு என்றதும் வழக்குக்கு ஓடி வருபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கணக்கைப் பார்ப்பதில்லை. சமூகப் புள்ளிகளை அடியோடு நீக்கிப் பாருங்கள்: உங்களுக்கு 74, அவர்களுக்கு 76. அப்போதும் தோல்விதான். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் தொடுக்கும் அவசர வழக்கில், அந்தத் தவறு உங்களைப் பாதித்தது அல்லது பாதித்திருக்கக்கூடும் என்று நீங்கள் காட்டவேண்டும். 2008 அக்டோபர் 3-இல் அரசமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு நீதிபதிகள் இதில் தயவு காட்டுவதில்லை. அளவுகோலைத் திருத்தி எழுதியிருந்தால் வேறுவிதமாக விண்ணப்பித்திருப்போம் என்று வாதிடலாம். ஆனால் நீங்கள் இணைத்து அனுப்பிய பிரதியில் அந்தப் பகுதிக்கு இரண்டே வரிதான் எழுதியிருக்கிறீர்கள்: ‘நாங்கள் ஒரு குடும்பம்போல. எப்போதும் எங்கள் ஆட்களுக்கே வேலை கொடுக்கிறோம்.’ எதிர்த்தரப்புச் சட்டத்தரணி இதை நீதிபதி முன் உரக்க வாசிப்பார். ‘எங்கள் ஆட்களுக்கே’ என்று நீங்கள் அன்பாக எழுதியது அங்கே இனப் பாகுபாடாகத்தான் கேட்கும்.

இன்னொரு பொறி, அந்தப் பதிவுத் தபால். மேயரின் பதிலுக்காகக் காத்திருந்து வழக்கையே இழந்தவர்கள் என் கட்சிக்காரர்களில் பலர். கடிதம் காலத்தை நிறுத்தாது. ஒப்பந்தம், ஐரோப்பிய விதிகள் பொருந்தத் தொடங்கும் வரம்புத் தொகைக்கு மேற்பட்டதானால், தோல்வி அறிவிப்பை மின்வழியில் அனுப்பிய நகரசபை குறைந்தது 11 நாள் பொறுத்தே கையெழுத்திடலாம். வரம்புக்குக் கீழ்ப்பட்டதானால் பெரும்பாலும் அந்தக் கட்டாயமே இல்லை. கையெழுத்தானபின் அவசர வழக்கின் கதவு மூடிவிடும். வழக்குத் தாக்கல் செய்வோர் அதன் பிரதியை அன்றே நகரசபைக்கும் அனுப்பவேண்டும். அதை மறந்ததால், வழக்கு இருப்பது தெரியாமலே நகரசபை கையெழுத்திட்டுவிட்ட சம்பவமும் உண்டு. கையெழுத்தானபிறகும், ஒப்பந்த அறிவித்தல் வெளியாகி இரண்டு மாதத்துக்குள் ஒப்பந்தத்தின் செல்லுபடியை எதிர்த்து வழக்காடலாம். ஆனால் இழந்த இலாபத்தைக் கேட்க, வெல்லும் உறுதியான வாய்ப்பு உங்களுக்கு இருந்திருக்கவேண்டும். 74-க்கும் 76-க்கும் இடையில் அதை நிறுவுவது கடினம்.

உங்கள் ஆட்களின் கதி நீங்கள் அஞ்சுவதுபோல் இல்லை. துப்புரவுத் துறையின் கூட்டு உடன்படிக்கையின் 7-ஆம் பிரிவின்படி, வேலை கைமாறும்போது ஆட்களும் கைமாறுவார்கள். உங்களிடம் செய்யும் மொத்த வேலையில் 30 சதவீதமாவது அந்தப் பள்ளிகளில் செய்பவராக, ஆறு மாதமாவது அங்கே இருந்தவராக இருப்பது முக்கிய நிபந்தனைகள். கோபத்தில் பெயர்ப்பட்டியலையும் சம்பளச் சீட்டுகளையும் புதிய நிறுவனத்துக்குக் கொடுக்காமல் இழுத்தடித்தால், ஆட்களும் அவர்கள் சம்பளமும் உங்கள் தலையிலேயே விழக்கூடும். ஒப்பந்தம் போய்ச் சம்பளம் மட்டும் மிஞ்சிய ஒருவருடைய நிறுவனத்தைக் கலைக்கும் வேலையையும் நான்தான் செய்தேன்.

எனவே வழக்கு வேண்டாம். மதிப்பீட்டு விவரத்தை எழுத்தில் கேளுங்கள். தொழில்நுட்பப் புள்ளியில் அவர்கள் 30 எடுக்க நீங்கள் ஏன் 24-இல் நின்றீர்கள் என்று பாருங்கள், தோற்றது அங்கேதான். பட்டியலை ஒழுங்காகக் கையளித்துவிட்டு, வென்ற நிறுவனத்திடம் ஒன்றிரண்டு பள்ளிகளைத் துணை ஒப்பந்தமாகக் கேளுங்கள். பள்ளிகளை அறிந்தவர்கள் நீங்கள், முதல் மாதத்தில் அவர்களுக்கு அது தேவைப்படும். பெருந்தொகை ஒப்பந்தங்களில் சமூக நிபந்தனையைப் பொதுவிதியாக்கும் பிரெஞ்சுச் சட்டம் 2021 ஆகஸ்ட் 22-இல் பிரகடனமானது; அது 2026 ஆகஸ்டிலிருந்து வெளியாகும் ஒப்பந்தப் புள்ளி அழைப்புகளைப் பிடிக்கும். அடுத்த முறை அந்த இரண்டு வரிக்குப் பதிலாக, வேலையற்றிருப்போரை வாரத்துக்கு எத்தனை மணிநேரம், எந்தப் பள்ளியில், யாருடைய மேற்பார்வையில் அமர்த்துவீர்கள் என்று எழுதுங்கள். உங்களால் நிறைவேற்ற முடிந்த மணிநேரத்தை மட்டுமே எழுதுங்கள். குறைந்தால் தண்டப்பணம் உண்டு.