வாசகர் கேள்வி: அக்கே திருவிழா

கேள்வி: ஆப்பிரிக்க இலக்கியம் என்றாலே சோயிங்கா, அச்செபே என்று இரண்டு பெயர்களோடு பேச்சு நின்றுவிடுகிறது. இன்று எழுதுகிறவர்களுக்கென்று அங்கேயே விழா ஏதும் உண்டா? யாரை முதலில் படிக்கலாம்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: உண்டு, அதுவும் சோயிங்கா பிறந்த ஊரிலேயே தொடங்கியது. நைஜீரியாவின் அபெயோகுட்டாவில் அவர் வளர்ந்த பகுதி அக்கே. அந்தப் பெயரில் 2013-இல் நாவலாசிரியர் லோலா ஷோனெயின் ஒரு கலை, புத்தகத் திருவிழாவைத் தொடங்கினார். 2018-இல் அது லாகோஸுக்கு இடம் மாறியது. நூல் உரையாடல், நாடகம், திரைப்படம், கள்ளோடு கவிதை கேட்கும் ஓர் இரவு எல்லாம் உண்டு.

இந்த விழாவை நான் பெரிதாக மதிக்கக் காரணம் இருக்கிறது. ஆப்பிரிக்க எழுத்தாளர் பெரியவரா என்பதை வெகுகாலம் லண்டனும் பாரிஸும்தான் முடிவுசெய்தன. ஆப்பிரிக்கச் சிறுகதைக்கான கெய்ன் பரிசுகூட இங்கிலாந்தில்தான் தொடங்கியது. அக்கேயில் எழுத்தாளர் தன் மண்ணின் வாசகர் முன்னால் உட்கார்கிறார். இந்த மாற்றத்துக்குப் பலர் உழைத்திருக்கிறார்கள். 2002-இல் கெய்ன் பரிசு பெற்ற கென்யாவின் பின்யவாங்கா வைனைனா, மறு ஆண்டே நைரோபியில் 'குவானி' இதழைக் கொண்டுவந்தார். அதில் வந்த, கென்ய எழுத்தாளர் இவோன் ஒவோரின் 'வெயிட் ஆஃப் விஸ்பர்ஸ்' சிறுகதை 2003-இல் அதே பரிசை வென்றது. என்ன வேகம், பாருங்கள்!

நீங்களும் அந்தச் சிறுகதையிலிருந்தே தொடங்குங்கள். 1994 இனப்படுகொலைக்குப் பின் ருவாண்டாவிலிருந்து தப்பி, நைரோபியில் அகதியாக அலையும் ஒரு பிரபுவின் கதை அது.