நாலு பேருக்கு முன்னால்: மலையக வீடுகளின் நுகர்வும் குப்பையும்

இலங்கையின் நுவரெலியா மாவட்டத்தில் உள்ளூராட்சிச் சபையொன்றின் கழிவகற்றல் பிரிவைப் பல ஆண்டுகள் மேற்பார்வை செய்து ஓய்வு பெற்ற ஒருவர், மலையகத்தைச் சேர்ந்த பலரின் கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறார்.

கேள்வி (தலவாக்கலையிலிருந்து ஒரு தாய்): ஐயா, அடுத்த மாதம் மகளுக்குச் சடங்கு வைத்திருக்கிறோம். வாசலுக்கு பிளெக்ஸ் பதாகை, மேடைக்கு ரெஜிபோம் (நுரைப் பிளாஸ்டிக்) எழுத்து, ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல் என்று என் தம்பி பட்டியல் போட்டிருக்கிறார். எல்லாம் மறுநாள் குப்பை என்பது எனக்குத் தெரிகிறது. ஆனால் குறைத்தால் கணவர் வழிச் சொந்தங்கள் வாய்க்கு வந்தபடி பேசுவார்கள். என்ன செய்யலாம்?

பதில்: பேசுவார்கள் என்ற உங்கள் பயம் நியாயமானது. அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்று வெளியிலிருந்து சொல்வது எளிது. அந்தச் சொந்தங்களோடு காலம் தள்ள வேண்டியவர் நீங்கள்தான். ஆகவே எதைக் குறைத்தால் மனஸ்தாபம் வரும், எதைக் குறைத்தால் எவரும் கவனிக்கவே மாட்டார்கள் என்று பிரித்துப் பாருங்கள். சோற்றிலும் கறியிலும் கை வைக்காதீர்கள். அழைப்பில் ஒரு வீட்டையும் விட்டுவிடாதீர்கள். அவை இரண்டும் பல வருடங்களுக்குப் பேசப்படும். விழா முடிந்த மறுநாட் காலையில் எங்கள் டிரக்டரில் ஏறியவை வேறு: இரண்டு மிடறு குடித்துவிட்டு மூடியைத் திருகி வைத்த அரை லீற்றர் போத்தல்கள், பசை நாடா ஒட்டிய ரெஜிபோம் எழுத்துகள், சுருட்டிய பிளெக்ஸ். தண்ணீர் எஞ்சிய போத்தலை மீள்சுழற்சிக்காரர் வாங்க மாட்டார் என்பதால், எங்கள் தொழிலாளர்கள் அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து கவிழ்த்துக்கொண்டிருப்பார்கள்.

பீலித் தண்ணீர் (மலை ஊற்றிலிருந்து வழிந்து வரும் நீர்) ஓடுகிற ஊரில் போத்தல் தண்ணீர் வாங்குவது பெரும்பாலும் தாகத்துக்காக அல்ல. ஆனால் பீலித் தண்ணீரை அப்படியே கொடுக்கவும் கூடாது. உயரமான இடங்களில் தண்ணீர் 100 பாகைக்கு முன்பே கொதித்துவிடும். நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகையில் கொதிக்கும். கிருமிகள் சாக அந்த வெப்பம் போதுமாயினும், கொதி வந்தவுடன் இறக்காமல் மூன்று நிமிடம் விட்டு, இஞ்சியும் கொத்தமல்லியும் தட்டிப் போட்டுச் சூடாகவே பரிமாறுங்கள். அந்தக் குளிரில் அதை எவரும் சிக்கனம் என்று சொல்லப்போவதில்லை. டம்ளருக்கும் தட்டுக்கும் சாவு வீடுகளுக்கு உதவும் உங்கள் தோட்டத்து மரணாதார சங்கத்தைக் கேளுங்கள்; கதிரையும் கூடாரமும் வைத்திருக்கிற சங்கம், சில்வர் தட்டும் வாங்கி வைத்தால் அதற்கும் வாடகை வரும். ஒரு முறை பாவித்து வீசும் பிளாஸ்டிக் தட்டும் கோப்பையும் கரண்டியும் 2023 ஒக்டோபர் முதல் இந்நாட்டில் தடை செய்யப்பட்டவை என்பதைத் தம்பிக்குச் சொல்லுங்கள். வாழையிலைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கவும் வேண்டாம். மேல்மலையில் வாழை அருமை, இலை கீழ்நாட்டிலிருந்து வண்டியேறி வர வேண்டும். கழுவிப் பாவிக்கும் தட்டே இங்கு பொருத்தம்.

பிளெக்ஸ் என்பது பி.வி.சி. பூசிய துணி. அதை மீள்சுழற்சிக்கு எடுப்பவரை நான் கண்டதில்லை. ஆட்டுப்பட்டிக்குக் கூரையாகப் போனால் அதிர்ஷ்டம். அடுப்பில் வைத்தால் ஐதரசன் குளோரைட்டும் டயொக்சினும் வீட்டுக்குள்ளேயே பரவும். தம்பி விடமாட்டார் என்றால் பெயரும் திகதியும் படமும் இல்லாமல், வாழ்த்து மட்டும் அச்சிடச் சொல்லுங்கள். அடுத்த வீட்டுச் சடங்குக்கும் அது உதவும்.

கேள்வி (நுவரெலியா, அரச ஊழியர்): எங்கள் வீட்டு வரிசையில் எல்லோரும் இரட்டைக் கதவுக் குளிர்சாதனப் பெட்டி வாங்கிவிட்டார்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்தும், சூழலுக்கு நல்லது என்கிறார் விற்பனையாளர். பழையதைக் கொடுத்துவிட்டுத் தவணை முறையில் புதியது எடுக்கலாமா?

பதில்: பழையது ஓடுகிறதா என்று நீங்கள் எழுதவில்லை, ஓடுகிறது என்றே எடுத்துக்கொள்கிறேன். ஓடாத பெட்டிக்காரர் சூழலைப் பற்றி விசாரிப்பதில்லை.

கதவின் உட்புறத்திலோ பின்புறத்திலோ ஒட்டியுள்ள தகட்டில் காலநிலை வகுப்பு குறிக்கப்பட்டிருக்கும். டி. (T) என்பது சுற்றுவெப்பம் 16 முதல் 43 பாகை வரையிலான இடத்துக்கும், எஸ்.என். (SN) என்பது 10 முதல் 32 பாகை வரையிலான இடத்துக்கும் உரியது. தை, மாசி இரவுகளில் உங்கள் சமையலறை 16 பாகைக்குக் கீழே இறங்கிவிடும். ஒரே வெப்பநிலைக் கட்டுப்பாட்டில் இயங்கும் பெட்டியில், கீழ்த்தட்டு தானாகவே குளிர்ந்திருப்பதால் இயந்திரம் ஓடத் தேவையில்லை என்று நின்றுவிடும்; அப்போது மேலேயுள்ள உறைபெட்டியில் மீன் இளகத் தொடங்கும். கொழும்பு வெயிலுக்கென்று செய்த பெட்டியை உறைபனி ஊரில் கௌரவத்துக்காக வைத்திருப்பவர்கள் இதைப் பழுது என்று எண்ணித் திருத்துநருக்குப் பணம் கட்டுகிறார்கள்.

மின்கட்டணத்தையும் கவனியுங்கள். வீட்டுப் பாவனை மாதம் 60 அலகைத் தாண்டினால், ஆரம்ப அலகுகளுக்கான குறைந்த விலை இல்லாமற்போய், முதல் அலகிலிருந்தே கூடிய விலை அறவிடப்படும். பெரிய பெட்டி உங்களை அந்தக் கோட்டுக்கு அப்பால் தள்ளுமானால், விற்பனையாளர் சொன்ன மிச்சம் மின்பட்டியலில் தெரியாது. பழைய பெட்டியின் கதவு இறப்பரை மாற்றி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். என்றாவது அதை விட்டொழிக்கும்போது, குழாயை வெட்டி வாயுவைத் திறந்துவிடும் பழைய இரும்புக்காரரிடம் மட்டும் கொடுக்காதீர்கள். பல பெட்டிகளில் குளிரூட்டியாக உள்ள 134ஏ வாயு, அதே எடை காபனீரொட்சைட்டைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாகப் புவியைச் சூடாக்கும்.

கேள்வி (பண்டாரவளை): திருமணங்களில் கிடைத்த துணித் தாம்பூலப் பைகள் வீட்டில் குவிந்து கிடக்கின்றன. துணிப் பை நல்லதுதானே?

பதில்: பாவித்தால் நல்லது. டென்மார்க் சுற்றாடல் முகவரகம் 2018 இல் வெளியிட்ட ஆய்வின்படி, காலநிலைப் பாதிப்பை மட்டும் கணக்கிட்டாலும் ஒரு பருத்திப் பை சாதாரண பிளாஸ்டிக் பைக்கு ஈடாக ஏறத்தாழ 52 தடவை பாவிக்கப்பட வேண்டும். மணமக்கள் பெயர் பொறித்த பையோடு சந்தைக்குப் போக வெட்கமாக இருந்தால், உட்புறத்தை வெளியே திருப்பித் தையுங்கள். இனி கிடைப்பதை வாங்காமல் வருவதும் மரியாதைக் குறைவல்ல.

கேள்வி (பூண்டுலோயா, மரக்கறிச் செய்கையாளர்): பசுமை விவசாயம் என்று சொல்லி 2021 இல் எங்கள் வயிற்றில் அடித்தார்கள். இனிப் பசுமை என்று பேசுபவரை ஏன் நம்ப வேண்டும்?

பதில்: நம்ப வேண்டியதில்லை, கணக்குக் கேளுங்கள். இரசாயன உர இறக்குமதி 2021 மே மாதத்தில் தடை செய்யப்பட்டு, நவம்பரில் தடை நீக்கப்பட்டது. மண்ணைப் பக்குவப்படுத்தப் பல ஆண்டுகள் எடுக்கும் மாற்றத்தை, போதிய சேதன (இயற்கை) உரம் கையில் இல்லாமல் ஒரே போகத்தில் செய்ய முயன்றார்கள். 2021 இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, 2022 இல் சுமார் 25 கோடி கிலோவாக இறங்கியது; அவ்வாண்டின் எரிபொருள் நெருக்கடிக்கும் அதில் பங்குண்டு. சடங்கு வீட்டு பிளெக்ஸ் சொந்தக்காரருக்காகக் கட்டப்படுவதுபோல், அந்தத் தீர்மானத்திலும் உலகத்துக்குக் காட்டும் ஆசை கலந்திருந்தது என்பது என் எண்ணம். ஆனால் அதற்காக உங்கள் தோட்டத்துச் சாணக் குவியலைக் கைவிடாதீர்கள். இரசாயன உரத்தின் அளவை அது உறுதியாகக் குறைக்கும்.

கேள்வி (கொழும்பில் வேலை செய்யும் மஸ்கெலியா இளைஞர்): அம்மாவுக்கு எரிவாயு அடுப்பு வாங்கிக் கொடுத்தேன். அவர் அதைத் துணியால் மூடி முன்னறையில் வைத்துவிட்டு, இன்னமும் கவ்வாத்து (தேயிலைச் செடி கத்தரிப்பு) விறகில்தான் சமைக்கிறார். விறகுதான் இயற்கையானது என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள்.

பதில்: உங்கள் நண்பர்கள் அந்தப் புகையில் ஒரு நேரம் ரொட்டி சுட்டுப் பார்க்கட்டும். கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சி எப்படியும் கிடைக்கிற எரிபொருள், அதற்காகக் காடு அழிவதில்லை என்பது உண்மை. ஆயினும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், புகைபோக்கி இல்லாத குசினியில் அதை எரிப்பது அம்மாவின் நுரையீரலுக்கு இழைக்கும் கேடு. நம் பாட்டிமார் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் எதையும் வீசாமல் வாழ்ந்ததைப் பசுமை வாழ்க்கை என்று இன்று புகழ்கிறார்கள். வீசுவதற்கு அவர்களிடம் என்ன இருந்தது?

அடுப்பு முன்னறையில் இருப்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். மகன் வாங்கித் தந்தது என்று வருவோர் பார்க்க வேண்டும் என்பது ஒன்று. அது அவருக்கு உரிய பெருமை, குறை சொல்லாதீர்கள். 2022 இல் சிலிண்டருக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற அனுபவம் மற்றொன்று. விடியற்காலைத் தேநீரையும் பிள்ளைகளின் பாலையும் மட்டும் எரிவாயுவில் வைக்கச் சொல்லுங்கள். எஞ்சிய சமையலுக்கு, அடுப்பை மண்ணால் அடைத்து, கூரைக்கு மேலே வெளிவரும் தகரப் புகைபோக்கி ஒன்றை நீங்கள் விடுமுறையில் வரும்போது பொருத்துங்கள். விறகும் மிஞ்சும்.

கேள்வி (ஹட்டன், ஆசிரியை): தீபாவளிக்குப் புதுத்துணி எடுப்பதைக் குறைக்கும்படி மாணவர்களிடம் சொல்லலாமா?

பதில்: தயவுசெய்து சொல்லாதீர்கள். தோட்டத்தில் தீபாவளி முற்பணம் எடுத்து, பின்பு மாதா மாதம் சம்பளத்தில் அது கழிபடுவதைத் தாங்கிக்கொண்டு, பிள்ளைக்கு வருடத்தில் ஒரு நல்ல உடுப்பு எடுக்கும் குடும்பம் மிகை நுகர்வுக் குடும்பம் அல்ல. அந்தப் பாடத்தை ஆசிரியர் அறையில் தொடங்கலாம்.

கேள்வி (நானுஓயா): எங்களுக்கு 7 பேர்ச் (நில அளவு) காணியில் தனி வீடு கிடைத்திருக்கிறது. கூட்டுரத் தொட்டி வைத்தேன். குளிரில் ஒன்றும் மக்கவில்லை. புது வீட்டின் அழகைக் கெடுக்கிறது என்று பக்கத்து வீட்டாரும் முகம் சுளிக்கிறார்கள்.

பதில்: இரண்டுக்கும் ஒரே மருந்து, இடத்தை மாற்றுவது. வாசலிலிருந்து எடுத்து, வெயில் படும் பின்சுவரோரமாக வையுங்கள். சரிவின் விளிம்பில் மட்டும் வேண்டாம், மழைக்கு அத்தனையும் ஓடைக்குப் போகும். நானுஓயாவில் விழும் குப்பை கொத்மலைக்கும் மகாவலிக்கும் போகிறது.

சிறிய குவியல் சூட்டைத் தக்கவைக்காது. மேல்மலையில் ஒரு மீற்றர் நீளம், அகலம், உயரமாவது வேண்டும். மரக்கறிக் கழிவைச் சிறிதாக நறுக்கி, ஒரு பங்கு பச்சைக்கு இரண்டு பங்கு காய்ந்த இலையும் கிழித்த காகித மட்டையும் என்ற அளவில் அடுக்கி, இடையிடையே மாட்டுச் சாணத்தைக் கரைத்து ஊற்றி, மேலே பழைய சாக்கினால் மூடுங்கள். மழை நேரடியாகப் படக் கூடாது. பிடித்துப் பிழிந்தால் கையில் ஓரிரு சொட்டு வருமளவு ஈரம் போதும். நாற்றம் அடித்தால் காய்ந்தது குறைவு என்று பொருள். அடுத்த குவியலைத் தொடங்கும்போது, பழையதிலிருந்து ஒரு கூடை அள்ளி அடியில் பரப்புங்கள். நுண்ணுயிர்கள் அதிலிருந்தே ஏறிக்கொள்ளும். முதல் உரம் வந்ததும் முகம் சுளித்த வீட்டாருக்கு ஒரு வாளி கொடுத்துப் பாருங்கள், ரோசாச் செடிக்கு அவர்களே மறுபடி கேட்டு வருவார்கள்.